சொல்லுக்கு முன் முளைத்த பல்

யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்களிலே, குழந்தைக்கு முதற்பல் அரும்பிய செய்தி வீட்டாருக்குத் தெரிந்ததும், அரிசி மாவினால் கொழுக்கட்டை பிடித்து, அதன் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லைப் போலச் சீவிப் பதித்து, ஆவியில் அவித்தெடுத்து, குழந்தையை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, அதன் தலையின் மேல் அந்தக் கொழுக்கட்டைகளை மெல்லச் சொரிந்து, சுற்றமும் அயலும் கூடி மகிழ்வது நெடுங்கால வழக்கம். பல்லுக்கொழுக்கட்டை என்று அதற்குப் பெயர். அரிசிமணி அளவேயான ஒரு வெண்மைக்கு அத்தனை கோலாகலம். அந்தக் கோலாகலம் நடந்து ஓர் ஆண்டு ஆவதற்குள் அதே பற்கள் அத்தை மகளின் முன்கையிலோ, பாட்டியின் தோளிலோ, அண்டை வீட்டுப் பிள்ளையின் கன்னத்திலோ இரண்டு சிவந்த பிறைகளைப் பதித்துவிடுமானால், கொண்டாடிய வீடே திகைத்து நிற்கிறது.

எனக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பத்தில், சில ஆண்டுகளுக்கு முன், அந்தத் திகைப்பை நேரில் கண்டேன். ஒரு வளைகாப்புக்காக உறவினர் கூடியிருந்த பகற்பொழுதில், இருபது மாதப் பிராயமுள்ள ஓர் ஆண்குழந்தை, தன்னைவிட இரண்டே மாதம் மூத்தவளான பெரியம்மா மகளை முன்கையில் கடித்துவிட்டான். அலறிய குழந்தையைத் தூக்கச் சிலர் ஓடினார்கள். கடித்த குழந்தையோ, தான் எழுப்பிய அந்தப் பெரிய சத்தத்தைக் கண்டு வாயைத் திறந்தபடி நின்று, பிறகு தானும் அழத் தொடங்கினான். "அவன் கையையும் பிடித்து ஒருதரம் கடித்துவிடு, அப்போதுதான் வலி என்னவென்று அவனுக்குத் தெரியும்" என்றார் பாட்டி. வாயில் துளி மிளகாய்ப் பொடி வைத்தால் ஜன்மத்துக்கும் மறக்கமாட்டான் என்றார் மற்றொருவர். இளம் தாய் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, மாலையில் கூட்டம் கலைந்த பின் என்னிடம் வந்து, "சித்தப்பா, எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாத குணம் இவனுக்கு எங்கிருந்து வந்தது? இவன் பொல்லாதவனாக வளர்ந்துவிடுவானோ?" என்று கேட்டபோது, அவள் கண்கள் கலங்கியிருந்தன. அன்று நான் அவளுக்குச் சொன்ன ஆறுதல் மிகவும் சுருக்கமானது. இந்த அத்தியாயத்திலே அந்த விடையை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மூன்று பஞ்சாங்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாவது பல்லின் பஞ்சாங்கம். மனிதக் குழந்தைக்கு முளைக்கும் பால்பற்கள் இருபது. அவற்றுள் கீழ்த்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் சாதாரணமாக 6ஆவது மாதத்துக்கும் 10ஆவது மாதத்துக்கும் இடையில் தலைகாட்டுகின்றன. மேல்தாடையின் நடுப்பற்கள் 8 முதல் 12 மாதங்களுக்குள் வருகின்றன. முதற் கடைவாய்ப்பற்கள் ஓராண்டு நிறைந்த பின், ஒன்றரை வயதை ஒட்டியும், கூர்மையான கோரைப்பற்கள் 16 முதல் 23 மாதங்களுக்குள்ளும், கடைசிக் கடைவாய்ப்பற்கள் 23 முதல் 33 மாதங்களுக்குள்ளும் வெளிப்பட்டு, மூன்று வயதை நெருங்கும்போது வாய் நிறைந்துவிடுகிறது. இரண்டாவது பேச்சின் பஞ்சாங்கம். பொருளோடு கூடிய முதற்சொல் பெரும்பாலும் முதற் பிறந்தநாளை ஒட்டித்தான் பிறக்கிறது; ஒன்றரை வயதில் குழந்தையின் கையிருப்பு ஏறத்தாழ ஐம்பது சொற்கள்; "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொற்களைக் கோத்துக் கேட்கும் சாமர்த்தியம் இரண்டாவது பிறந்தநாளை நெருங்கும்போதுதான் கைகூடுகிறது. மூன்றாவது பஞ்சாங்கம் அடக்கத்தினுடையது. எழுந்த உத்வேகத்தை ஒரு க்ஷணம் நிறுத்தி வைக்கும் சக்திக்கு ஆதாரமான பெருமூளையின் நெற்றிப்புறப் பகுதி, மற்றெல்லாப் பகுதிகளுக்கும் பிந்தி முதிர்கிறது. அது முழு முதிர்ச்சி அடைவதற்கு இருபத்தைந்து வயதுவரை ஆகிறது. ஆகவே, பல் முந்தி வந்துவிடுகிறது, சொல் அதற்குப் பின்னால் வருகிறது, அடக்கமோ எல்லாவற்றுக்கும் பின்னால் மெல்ல நடந்து வருகிறது. ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் இடைப்பட்ட குழந்தை இந்த இடைவெளியிலே வாசம் செய்கிறது. கடிப்பது இந்தப் பிராயத்திலே பெருகி, மூன்று வயதுக்குப் பின் தானாகவே தேய்ந்து போவதற்குக் காரணத்தை அந்த மூன்று பஞ்சாங்கங்களே சொல்லிவிடுகின்றன.

வாய் என்பது உணவுக்கு மட்டும் அமைந்த வாசல் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். குழந்தைக்கோ அது முதல் ஞானேந்திரியம். 1937ஆம் ஆண்டில், கனடா நாட்டு மான்ட்ரியல் நகரத்தில், வைல்டர் பென்ஃபீல்டு என்னும் மூளை அறுவை நிபுணரும் அவருடைய துணைவரான எட்வின் போல்ட்ரியும், விழித்த நிலையிலேயே அறுவைக்கு உட்பட்ட நோயாளிகளின் மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, உடலின் எந்த அவயவத்துக்கு மூளையில் எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வரைந்து காட்டினார்கள். அந்தப் படத்தில் முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் ஒரு சிறு துண்டு. உதட்டுக்கும் நாவுக்கும் கிடைத்ததோ பெரும் பிரதேசம். 1979இல் ஆண்ட்ரூ மெல்ட்ஸாஃப், ரிச்சர்டு போர்ட்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர், ஒரு மாதம்கூட நிறையாத சிசுக்களின் வாயில், கண்ணுக்குத் தெரியாதபடி, வழுவழுப்பான சூப்பானையோ மொட்டுமொட்டாகப் புடைத்த சூப்பானையோ வைத்துச் சுவைக்கவிட்டுப் பின் இரண்டு வடிவங்களையும் காட்டியபோது, வாயால் அறிந்த வடிவத்தையே சிசுக்கள் அதிக நேரம் உற்று நோக்கக் கண்டார்கள். நாவு தொட்டு அறிந்ததைக் கண் அடையாளம் கண்டுகொள்கிறது என்றால், தவழும் குழந்தை செருப்பையும் சாவியையும் நம்முடைய மூக்கையும் வாயிலிட்டுப் பார்ப்பதை அசுத்தமான பழக்கமென்று மட்டும் ஒதுக்கிவிட முடியுமா? அது உலகத்தைப் படிக்கிறது. புதிதாய்ப் பிறந்த சிசுவின் ஈறை விரலால் தடவினால் தாடை தானாகத் திறந்து மூடும் அனிச்சைச் செயல் ஒன்று உண்டு. முதலாண்டின் இறுதிக்குள் அது மறைந்து, தன் இச்சைப்படி மெல்லுதல் அதன் இடத்துக்கு வந்துசேர்கிறது.

பல் முளைத்த குழந்தை பால் குடிக்கும்போது கடித்துவிடுவதைக் கண்டு நடுங்கும் தாய்மாருக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குழந்தை உண்மையாகப் பாலை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதன் நாவு கீழ்ப்பற்களை மூடிக்கொண்டிருப்பதால், அந்நேரத்தில் கடிக்க இயலாது. வயிறு நிறைந்து விளையாட்டுப் புத்தி வந்தபின்தான் கடிக்கிறது. உறிஞ்சுதல் தளரும் சமயத்தைக் கவனித்து, வாயின் ஓரத்தில் சுண்டுவிரலைச் செலுத்தி மார்பை விடுவித்துக்கொண்டால் போதும்.

பல் முளைப்பதன் மேல் எல்லாப் பழியையும் சுமத்துவதும் தவறு என்று சொல்லவேண்டும். ஈறு தினவெடுக்கும் நாட்களில் எதையாவது அழுத்திக் கடித்தால் சுகமாயிருக்கிறது என்பது மெய்தான். சுத்தமான துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொடுத்தால் குழந்தை அதை மென்று ஆறுதலடையும். ஆனால் பல்லைச் சாக்கிட்டு மனிதர் செய்த விபரீதங்கள் கொஞ்சமல்ல. இங்கிலாந்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று பாதரச உப்புக் கலந்த பொடிகள் தலைமுறை தலைமுறையாக விற்கப்பட்டு, கைகால் சிவந்து நொந்துபோகும் ஒரு கொடிய வியாதிக்குக் காரணமாயிருந்தன. 1954இல்தான் அவை சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. ஈறை மரக்கச் செய்யும் பென்ஸோகெய்ன் களிம்பை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக்கூடாதென்று 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அது ரத்தத்தின் பிராணவாயுவைச் சுமக்கும் திறனையே குலைத்துவிடக்கூடும். நனைந்த துணிக்கு அந்த அபாயம் இல்லை.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்: இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? பென்ஃபீல்டு வாழ்ந்த அதே மான்ட்ரியல் நகரத்தில், 1984இல், ரிச்சர்டு டிரம்பிளே என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும், வறுமை மிகுந்த வட்டாரங்களின் மழலைப் பள்ளிகளில் பயின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் வாலிபராகும்வரை பின்தொடர்ந்தார்கள். அடிதடியில் இறங்கும் சுபாவம் எந்த வயதில் தொடங்குகிறது, கெட்ட சகவாசத்தாலா, தெருவின் தோஷத்தாலா என்று கண்டுபிடிப்பது அவர்கள் கருத்து. ஆனால் ஆறாவது வயதிலிருந்தே வரைகோடு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பதின்பருவத்திலே புதிதாக அடிக்கத் தொடங்கியவர் என்று தனியாக ஒரு கூட்டத்தைக் காண முடியவில்லை. தொடக்கத்தைத் தேடியவர்கள் பின்னோக்கி நடந்து நடந்து, முடிவில் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்க நேர்ந்தது. கைக்குழந்தைப் பருவத்திலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வுகளில், அடித்தல், தள்ளுதல், கடித்தல் முதலியவை ஓராண்டு கடந்ததும் பெரும்பாலான குழந்தைகளிடம் தோன்றி, இரண்டு வயதுக்கும் நாலு வயதுக்கும் இடையில் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஆண்டுதோறும் தணிந்து வருவது புலனாயிற்று.

இதன் பொருளை ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டும். கடிப்பதைக் குழந்தை யாரிடமும் கற்றுக்கொள்வதில்லை. கடியாமல் இருப்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. நாய்க்குட்டி தன் உடன்பிறப்புகளோடு உருண்டு புரளும்போது, பல்லை எவ்வளவு அழுத்தினால் மற்றது கத்திக்கொண்டு விலகிப்போகிறது என்பதை விளையாட்டிலேயே பயில்வதைப் போல, மனிதக் குழந்தையும் பிறருடைய உடம்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நம் மத்தியில் இருந்து நாள்தோறும் பயில்கிறது. தாயிடமும் தந்தையிடமும் இல்லாத குணம் எங்கிருந்து வந்தது என்றால், அவர்களிடமும் ஒரு காலத்தில் இருந்ததுதான் என்பதே உண்மையான விடை. அவர்கள் மறந்துவிட்டார்கள், அவர்களை வளர்த்தவர்களும் மறந்துவிட்டார்கள்.

மறதிக்கு மருந்து எழுதி வைப்பது. இதை அழகாகச் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபுளாரன்ஸ் குடெனஃப் அம்மையார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு ஆதாரம், பெரும்பாலும் தாய்மார்களே எழுதிய நாட்குறிப்புகள். 45 குழந்தைகள், 1,878 கோபாவேசங்கள். ஒவ்வொன்றும் எந்த மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, பெற்றோர் என்ன செய்தார்கள் என்று வீட்டுக்காரியங்களின் நடுவே குறித்து வைத்த அந்தத் தாய்மார்களின் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை மேலிடுகிறது. அவ்வளவு குறிப்புகளையும் தொகுத்துப் பார்த்தபோது, கோபம் வாழ்க்கையின் இரண்டாவது ஆண்டிலே உச்சத்தை அடைந்து பிறகு சரிவதும், உணவு வேளைக்குச் சற்று முன்பாக, அதாவது பகற் சாப்பாட்டுக்கும் மாலைச் சாப்பாட்டுக்கும் முந்திய நேரங்களில், அது பெருகுவதும், சரியாகத் தூங்காத இரவுக்குப் பின்னும் ஜலதோஷம் போன்ற சிறு உபாதைகளின்போதும் மிகுவதும் தெளிவாயின. குழந்தையின் குணம் என்று நாம் பெயரிட்டு அழைப்பதில் ஒரு பெரும் பங்கு, குழந்தையின் பசியும் தூக்கமும் என்பதை அந்த ஏடுகள் காட்டிக்கொடுத்தன.

நமது வீடுகளிலும் இதை யாரும் செய்து பார்க்கலாம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் போதும். எத்தனை மணி, எந்த இடம், யாரைக் கடித்தது, கடிக்குமுன் கையில் என்ன இருந்தது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, தூங்கியது எப்போது: இவ்வளவையும் மூன்று வாரம் விடாமல் குறித்து வந்தால், கண்மூடித்தனமாக நேர்ந்ததாகத் தோன்றிய கடிகளுக்குள் ஓர் ஒழுங்கு தென்படத் தொடங்கும்.

தொல்காப்பியர் உரியியலிலே 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குப் பல பொருள் வகுத்திருக்கிறார். கூர்மையும் காப்பும் அச்சமும் அவற்றுள் அடங்கும். அவர் பேசியது பற்களால் கடிப்பதைப் பற்றி அல்ல. ஆயினும் அந்த மூன்று பொருள்களும் குழந்தையின் கடிக்கு உரையாசிரியன் எழுதிய விளக்கம் போலவே எனக்குத் தோன்றுவதுண்டு. தினவெடுத்த ஈறின் கூர்மைக்காகக் கடிக்கிறது ஒரு குழந்தை. கையிலிருக்கும் மரப்பாச்சியைப் பிறர் பறிக்காமல் காப்பதற்காகக் கடிக்கிறது மற்றொன்று. கல்யாணக் கூட்டத்தில் முகம் தெரியாத பத்துப் பேர் நெருங்கிக் கன்னத்தைக் கிள்ளும்போது அச்சத்தினால் கடிக்கிறது இன்னொன்று. ஆராய்ச்சிக்காகக் கடிப்பதும் உண்டு; இதை அழுத்தினால் சத்தம் வருகிறதே, மறுபடியும் அழுத்தினால் மறுபடியும் வருமா என்று பரீட்சிக்கும் குழந்தைக்குக் கிலுகிலுப்பையும் அக்காளின் விரலும் ஒன்றுதான்.

அன்பினால் கடிப்பதைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம். கொழுகொழுவென்ற சிசுவைக் கண்டால் நாமே "கடித்துத் தின்றுவிடலாம் போல இருக்கிறதே" என்கிறோம். பாட்டிமார் கன்னத்தையும் பாதத்தையும் பொய்யாகக் கடித்துச் சிரிப்பு மூட்டுகிறார்கள். மிகுந்த இன்பத்தின் நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிழியத் தோன்றும் இந்த விநோத உணர்ச்சியை யேல் சர்வகலாசாலையில் ஒரியானா அரகோனும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். தாங்கமுடியாத பரவசத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர மனம் எதிர்மாறான ஒரு செய்கையை நாடுகிறது என்பது அவர்கள் கருத்து. வயது வந்தவர்க்கே அவ்வாறு தோன்றுமானால், பரவசத்தை அளந்து செலவிடத் தெரியாத இருபது மாதக் குழந்தை, ஓடிவந்து தாயின் தோளைக் கட்டிக்கொண்ட அதே மூச்சில் பல்லையும் பதித்துவிடுவதில் துவேஷம் ஏது? அந்தக் குழந்தையை உதறித் தள்ளினால், தன் அன்பைத்தான் தள்ளிவிட்டார்கள் என்று அது கொள்ளும். தோளிலிருந்து மெல்ல விலக்கி, முத்தம் எப்படி என்று காட்டிக்கொடுப்பது மேல்.

தெரிந்தே செய்கிறான் என்று பெரியவர்கள் சினப்பதற்கு ஒரு காரணம் உண்டு. "கடிக்கலாமா?" என்று கேட்டால் தலையை இடமும் வலமும் ஆட்டும் குழந்தை, அடுத்த நிமிஷமே கடித்தும் விடுகிறது. விதியை அறிவது வேறு, விதிக்கு உடம்பைக் கட்டுப்படுத்துவது வேறு என்பதை ரஷ்ய நாட்டு அறிஞர் அலெக்ஸாண்டர் லூரியா எளிய பரிசோதனைகளால் விளக்கினார். கழியிலே வளையங்களைக் கோத்துக்கொண்டிருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையிடம், கோத்ததைக் கழற்று என்று சொன்னால், அது கழற்றாமல் முன்னிலும் ஊக்கமாகக் கோத்துக்கொண்டே போகிறது. ரப்பர்க் குமிழை அழுத்தும் இரண்டு வயதுக் குழந்தையிடம் அழுத்தாதே என்றால், அழுத்தம் நிற்பதற்குப் பதிலாகச் சில சமயம் வலுக்கிறது. தொடங்கிவிட்ட காரியத்தை நிறுத்தும் ஆற்றல் அந்தப் பிராயத்திலே சொல்லுக்கு இன்னும் வரவில்லை. சொல் வெறும் உந்துதலாக மட்டும் வேலை செய்கிறது.

இதைப் படித்தபின் நம் மொழியின் அமைப்பைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் எழுந்தது. தமிழிலே எதிர்மறை வினைக்குப் பின்னால் வருகிறது. "கடிக்காதே!" என்று நாம் உரக்கக் கூவும்போது, குழந்தையின் காதில் முதலில் விழுவது 'கடி', 'ஆதே' வந்து சேருமுன் பல் இறங்கிவிடுகிறது. ஆகையால் செய்யவேண்டாததைக் கூறுவதைவிடச் செய்யவேண்டியதைக் கூறுவதே உசிதம் என்று எனக்குத் தோன்றுகிறது. "விடு" என்பது ஒரு நல்ல சொல். "மெல்லத் தொடு" என்பது அதைவிட நல்லது. அதைக் கூவுவதால் பயனில்லை. அருகில் சென்று, முழங்காலிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால்தான் பலிக்கும். குழந்தைக்கு இன்னும் முதிராத நெற்றிப்புற மூளையை அந்தச் சில மாதங்களுக்கு நாம் இரவல் கொடுக்கிறோம் என்றே சொல்லவேண்டும்; இரவல் கொடுக்க அருகில் இருந்தாக வேண்டும்.

கடி நேர்ந்துவிட்டால் முதலில் போகவேண்டியது கடிபட்ட குழந்தையிடம். நியாயம் அதுதான் என்பதோடு, கடித்த குழந்தைக்கும் அதில் படிப்பினை இருக்கிறது. பல்லை வைத்தவுடன் வீடு முழுவதும் தன் பக்கம் திரும்பினால், அந்தக் கவனமே அதற்கு ஒரு வெகுமதி ஆகிவிடுகிறது. தோல் கிழியாமல் தடம் மட்டும் பதிந்திருந்தால், சோப்பு நீரால் கழுவிக் குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றினால் போதும். ரத்தம் கசிந்திருந்தால், ஓடும் நீரில் சோப்பிட்டு நன்றாகக் கழுவியபின் அன்றே வைத்தியரிடம் காட்டி, ரணஜன்னிக்கும் ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க்கும் உரிய தடுப்பூசிகள் இரு குழந்தைகளுக்கும் முறைப்படி போடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் பொடியையோ காப்பித் தூளையோ அப்பக்கூடாது. இன்னொரு விஷயத்தையும் கனத்த மனத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கோரைப்பற்களின் தடங்களுக்கு இடையேயுள்ள தூரம் 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்டிருந்தால், கடித்தது குழந்தையல்ல, வயது வந்த ஒருவர் என்று வைத்தியர்கள் சந்தேகிப்பார்கள். அந்தச் சந்தேகத்தை யாரும் அலட்சியம் செய்யலாகாது.

திருப்பிக் கடி என்ற யோசனையைப் பாட்டி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் தான் கொடுத்த வலியும் தான் அடைந்த வலியும் ஒன்றே என்று இணைத்துப் பார்ப்பதற்கு வேண்டிய கற்பனை அந்த வயதில் இன்னும் அரும்பு நிலையில்தான் இருக்கிறது. குழந்தைக்குத் தெரிவதெல்லாம், நான் நேசிக்கும் ஒருவர் என்னைக் கடித்தார் என்பதும், ஆகவே பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதும். 1961இல் ஆல்பர்ட் பாண்டுரா ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் மழலைப் பள்ளியில் 72 குழந்தைகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை பிரசித்தமானது. காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தனியே விடப்பட்டபோது, அதே அடியை அதே விதமாகத் தாங்களும் அடித்தார்கள். நம் வீடுகளில் இதைவிடச் சாதுவான ஒரு பாடம் நடக்கிறது. தத்தி நடக்கும் குழந்தை விழுந்தால், "உன்னைத் தள்ளிவிட்டதா இந்தத் தரை?" என்று தரையைப் படீரென்று அறைந்து குழந்தையைச் சமாதானம் செய்கிறோம். அழுகை நிற்கிறது, கூடவே, நோவு வந்தால் யாரையாவது அடித்தால் தீரும் என்ற போதனையும் உள்ளே இறங்குகிறது. அந்த வழக்கத்தை நாம் விட்டுவிடலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அடிபட்ட முழங்காலைத் தடவிவிட்டு "வலிக்கிறதா கண்ணே" என்று கேட்டால், 'வலி' என்ற சொல்லாவது குழந்தைக்குக் கிடைக்கும். மிளகாய்ப் பொடியைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். அது மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

சொல் கிடைப்பதுதான் இங்கே முக்கியம். 2003இல் டிரம்பிளேயின் சகாக்கள் பத்தொன்பது மாத இரட்டைக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பேசும் சொற்கள் குறைவாக உள்ள குழந்தைகளிடம் அடித்தல் கடித்தல்கள் சற்று மிகுதியாகக் காணப்பட்டன. உறவு பெரிதன்று, ஆனால் உண்டு. எல்லாச் சொற்களுக்கும் முன்னால் இக்குழந்தைகளுக்கு வேண்டியவை மூன்று நான்கே: "தா", "வேண்டாம்", "என்னுது", "போ". பொம்மையைப் பற்றிக்கொண்டு வாயைத் திறக்கும் குழந்தையிடம், "'என்னுது'ன்னு சொல்லு" என்று அந்த ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால், பல் செய்ய இருந்த வேலையைச் சொல் செய்யும் நாள் விரைந்து வரும். ஒரே பிராயத்துக் குழந்தைகளைப் பத்துப் பேராக ஓர் அறையில் வைக்கும் காப்பகங்களில் இது இன்னும் அவசியமாகிறது. முற்காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் இருபது மாதக் குழந்தையைச் சூழ்ந்திருந்தவர்கள் எட்டு வயது அக்காளும் ஐந்து வயது அண்ணனும். அவர்கள் விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்கள். காப்பகத்திலோ விட்டுக்கொடுக்கத் தெரியாத பத்துப் பேருக்கு நடுவே மூன்று பொம்மைகள் கிடக்கின்றன. இந்தியாவில் 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள ஸ்தாபனங்களில் காப்பக வசதி இருக்க வேண்டுமென்று விதித்தது மிகவும் வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த அறையில் எத்தனை கைகள் இருக்கின்றன, ஒரே மாதிரியான பொம்மை இரண்டிரண்டாக இருக்கிறதா, பதினொரு மணிக்கு யாராவது பசியோடு இருக்கிறார்களா என்று பார்ப்பதற்குச் சட்டம் போதாது. அங்கே ஒரு குழந்தை கடித்துவிட்டால், அதன் பெயரை மற்றப் பெற்றோர்க்குச் சொல்லாமல் காப்பது நல்ல நிர்வாகத்தின் லக்ஷணம். 'கடிக்கிற பையன்' என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், மூன்று வயதுக்குப் பின்னும் அந்தப் பெயர் அவனைப் பின்தொடரும்.

மூன்றரை வயதைக் கடந்தும் கடி குறையாமல் பெருகினாலும், தன் கையையே தான் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாலும், பேர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும் இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்க்காமலும் இருந்தாலும், மண்ணையும் சுண்ணாம்பையும் விரும்பித் தின்றாலும், குழந்தை வைத்தியரை அணுகிக் காதையும் பேச்சையும் ரத்தத்தின் இரும்புச் சத்தையும் பரிசோதிக்கச் செய்வதில் தாமதிக்கக்கூடாது.

வளைகாப்பு வீட்டுத் தாய், நான் கேட்டுக்கொண்டபடி, ஒரு நோட்டுப்புத்தகத்தில் மூன்று வாரம் எழுதினாள். அவள் கொண்டுவந்து காட்டியபோது, அந்த ஏட்டில் பெரும்பாலான கடிகள் பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் விழுந்திருந்தன. மின்னசோட்டாத் தாய்மார்கள் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் குறித்த அதே பசிநேரம். வளைகாப்பன்றும் பந்தி தாமதப்பட்டு, அவன் சாப்பிடாமல் இருந்ததை அவளே நினைவுகூர்ந்தாள். பத்தரை மணிக்கு ஒரு கிண்ணம் தயிர்ச்சோறும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த "என்னுது"வும், பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது கூடவே எடுத்துச் சென்ற இரண்டாவது மரவண்டியும் அவன் மாற்றத்துக்கு எவ்வளவு துணை செய்தன, மாதங்கள் தாமே எவ்வளவு செய்தன என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

அவனுக்கு மூன்று வயது நிறைந்தபின் ஒரு நாள் அந்த வீட்டுக்குச் சென்றிருந்தேன். கொல்லைப்புறத்துக் கொய்யாமரத்தடியில், பெரியம்மாவின் எட்டு வயது மூத்த மகள் கனிந்த கொய்யா ஒன்றைப் பாவாடை நுனியால் மூடிக் காக்காய்க்கடி கடித்து, எச்சில் படாத துண்டுகளைத் தங்கைக்கும் அவனுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் பங்கைக் கையில் வாங்கிக்கொண்ட பையன் அதைத் தின்னவில்லை. சட்டை நுனியை இழுத்து அதற்குள் துண்டை வைத்து, அக்காள் செய்தபடியே வாயைக் கொண்டுபோய் அழுத்திக் கடித்தான். உடையவில்லை. மறுபடியும் கடித்தான். நசுங்கிப்போன ஒரு பாதியை ஈரச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து, தான் ஒரு காலத்தில் கடித்த அந்தப் பெண்குழந்தையிடம் நீட்டினான். அவள் அதை வாங்கித் தின்றாள்.